எழுபத்துநான்கு என்று முடியும் வரிகள்

சேசு மரி சூசை துணை

கிழக்குத் தாம்பரம்
16-1-1994, ஞாயிறு

அன்பு மகன் தாவீதுக்கு அப்பா சவுரிமுத்து எழுதிக்கொண்டது.

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள். வரி பல்லாவரம் மலை மாதிரி ஏறி இறங்கும். ஒரு எழுத்து பெரிது, ஒரு எழுத்து சிறிது. முப்பத்தெட்டு வருஷம் கல்குவாரியில் சம்மட்டி பிடித்த கைக்குப் பேனா இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வலது கட்டைவிரல் நசுங்கியது உனக்குத் தெரியும். அதனால் அடுத்த இரண்டு விரலுக்கு நடுவில் பேனாவைச் செருகிக்கொண்டு எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு மாலை வேளை ஆகிறது.

ஆனாலும் இது என் கை எழுதிய கடிதம். இதுவரை உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்ல யாரோ எழுதியது. நான் காரமாகச் சொல்வேன், அவர்கள் "நலம், நலமறிய ஆவல்" என்று எழுதி ஒட்டிவிடுவார்கள். இனிமேல் நான் திட்டினால் திட்டு அப்படியே பெங்களூர் வந்து சேரும். இந்தக் கடிதத்தில் திட்டு இருக்கிறது.

அறிவொளி வகுப்பு முடித்து எட்டு மாதம் ஆகிறது. கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். கேளம்பாக்கம் பஸ் பலகை, தீப்பெட்டி, சினிமா போஸ்டர், மருந்துக் கடை போர்டு, எதையும் விடுவதில்லை. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் இன்று பூசை முடிந்ததும் கோயில் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தின் முன்னால் போய் நின்றேன். வேறு யாரும் நிற்கவில்லை. கல்லறைக் கமிட்டி அறிவிப்பு அது. 1974-இல் அடக்கம் செய்து, கல் கட்டாமல் கிடக்கும் மண் குழிகளைத் திறந்து வேறு ஆட்களுக்குக் கொடுக்கப்போகிறார்கள். உள்ளே இருக்கும் எலும்புகள் பொதுக் குழிக்குப் போகும். ஆட்சேபம் இருந்தால் மூன்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லவேண்டும். கீழே நாற்பத்துமூன்று பெயர். எழுபத்துநாலில் எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை என்று மற்றவர்கள் படிக்காமல் போய்விட்டார்கள். நான் படிப்பதற்காகவே படித்தேன்.

முப்பத்தொன்றாம் வரி. "174. அருள்மேரி, க/பெ சவுரிமுத்து."

உன் அம்மா பெயரும் என் பெயரும் ஒரே வரியில். இதை நான் என் கண்ணால் படிப்பது இதுதான் முதல் தடவை. வாய்விட்டுப் படித்தேன். சிரித்தேன்கூட. அப்புறம்தான் எந்தக் காகிதத்தில் படிக்கிறேன் என்பது உறைத்தது.

அவள் போனது 1989 ஜூனில். இன்னும் ஐந்து வருஷம் முழுசாக ஆகவில்லை. அவளைத் தோண்டி எடுத்துப் பொதுக் குழியில் போடுவார்களாம்.

இந்தப் பட்டியல் உன் கம்ப்யூட்டர் போட்டது. கோயில் ஆபீஸில் புஷ்பம் மண் குழி நோட்டு முழுவதையும் டைப் அடித்து ஃப்ளாப்பியில் கொடுத்தாள். நீ பெங்களூரில் வைத்துப் பார்த்து, கிறிஸ்துமஸுக்கு வரும்போது இங்கிலீஷ் காகிதமாகக் கொண்டுவந்தாய். அதைத்தான் புஷ்பம் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறாள். பெற்ற தாயைத் தோண்டச் சொல்லி எந்த மகனாவது பட்டியல் போடுவானா? என்ன செய்து வைத்தாய்?

எஸ்.டி.டி. பூத்துக்கு வரச் சொல்லாதே. வெடிச் சத்தத்தில் போன காது போனில் கேட்காது. எழுது. எழுத்தைப் பெரிதாகப் போடு.

இப்படிக்கு
அப்பா

* * *

பெங்களூர்
20-1-1994

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை உறையோடு என் மேஜை மேல் வைத்திருக்கிறேன். உங்கள் கையால் என் விலாசம் எழுதியிருந்ததைப் பார்த்ததும் உடனே பிரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே படித்ததும் வேறு மாதிரி ஆகிவிட்டது.

நீங்கள் சொல்வதுபோல் நடக்க வாய்ப்பே இல்லை. இந்த வேலைக்கு நான் எழுதிய சி புரோகிராம் மொத்தம் அறுபது வரி. அதில் இரண்டே காரியம்தான். முதலாவதன் பெயர் ரெக்காம்ப். எதைத் தேடவேண்டுமோ அந்த மாதிரியை அதனிடம் ஒரே ஒரு தடவை கொடுக்கவேண்டும். மெஷின் சீக்கிரம் தேடுவதற்கு ஏற்றபடி அதை மாற்றி வைத்துக்கொள்ளும். இரண்டாவதன் பெயர் ரெக்எக்ஸெக். அது நோட்டிலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்து, அந்த மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் பூஜ்யம் என்று பதில் சொல்லும். பூஜ்யம் வந்த வரிகளின் குழி எண்ணையும் பெயரையும் மட்டும் பிரிண்டர் அடிக்கும். எண்ணூறு வரியைப் பார்க்க அதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதற்குத் தூக்கம் வராது, கண் வலிக்காது. கேட்டதைத்தான் கொடுக்கும்.

ஆகவே தப்பு டைப் அடித்த நோட்டில் இருக்கவேண்டும். ஒவ்வொரு வரியிலும் குழி எண், பெயர், வயது, அடக்கம் செய்த தேதி என்ற வரிசையில் அடித்திருக்கிறார்கள். தேதியின் கடைசியில் வருஷம் இரண்டே எண்ணில் இருக்கும். அம்மாவின் வரியில் 89 என்று வரவேண்டிய இடத்தில் புஷ்பம் 74 என்று அடித்திருப்பார். வேறு காரணம் இருக்க முடியாது. யேசுதாசன் சாருக்கும் இன்றே தனியாக எழுதிவிட்டேன், டைப்பிங் தப்பு, கோயிலில் கையால் எழுதிய பெரிய நோட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்று. கல்லறைக் கமிட்டி செகரட்டரி அவர்தான். அவர் பார்த்துக்கொள்வார்.

தயவுசெய்து நீங்கள் கோயிலில் போய்ச் சத்தம் போடவேண்டாம். ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் மெட்ராஸ் வந்தால் தெருவெல்லாம் "என் மகன் கம்ப்யூட்டர்" என்று சொல்கிறீர்கள். இந்த வேலையையும் நீங்கள் கேட்டதால்தான், கம்பெனி வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து செய்தேன். ஒரு தப்பு என்றதும் பெற்ற தாயைத் தோண்டுகிறவன் ஆகிவிட்டேனா? எப்படி இருக்கிறாய் என்றுகூட அந்தக் கடிதத்தில் நீங்கள் கேட்கவில்லை.

அன்புடன்
தாவீது

* * *

சேசு மரி சூசை துணை

கிழக்குத் தாம்பரம்
24-1-1994, திங்கள்

தாவீதுக்கு,

எப்படி இருக்கிறாய்? கேட்டுவிட்டேன். இப்போது நான் சொல்வதைக் கேள்.

நீ செகரட்டரிக்கு எழுதிய கடிதம் சனிக்கிழமை காலையில் வந்தது. பதினோரு மணிக்குப் புஷ்பத்தை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கோவிலம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண். ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்தாள். "நான் ஒவ்வொரு வரியும் ரெண்டு தபா சரிபார்த்தேன் தாத்தா" என்றாள். அழவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நான் அவளை எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். பெரிய நோட்டைத் திறந்தோம். 174. அருள்மேரி. வயது 55. தேதி 11-6-89. அவள் டைப் அடித்த காகிதத்தையும் எடுத்தாள். அதிலும் 89. ஒரு புள்ளி மாறவில்லை. செகரட்டரியிடம் இரண்டையும் கொண்டுபோய் நீட்டினேன்.

"யோவ் சவுரிமுத்து, கம்ப்யூட்டர் போட்டதுய்யா இது. நீ நேத்து அ, ஆ படிச்சுட்டு வந்து இன்னிக்கு கம்ப்யூட்டர்ல தப்பு கண்டுபிடிக்கிறியா?"

"எட்டு மாசம் ஆச்சு சார் படிச்சு" என்றேன்.

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்களா, அவரைப் பார்த்தா, தெரியவில்லை. "உம் புள்ளையே டைப்பிங் தப்புன்னு எழுதியிருக்கார். அப்புறம் இன்னா?" என்றார். நோட்டில் தப்பு இல்லையே என்றால் நோட்டை மூடி என்னிடமே தள்ளினார். கம்ப்யூட்டரும் சரி, நோட்டும் சரி, உன் அம்மா மட்டும் வெளியே வரவேண்டும். இது என்ன நியாயம்?

குழி வெட்டும் சிட்டிபாபுவைப் போய்ப் பார்த்தேன். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"எனுக்கு நம்பர் சொன்னா தோண்டுவேன் பெரியவரே. பேரு இன்னாத்துக்கு? ஆனா அஞ்சு வருசக் குழின்றியே. புடவகூட மக்கிக்கீதோ இல்லியோ. நான் தொறக்க மாட்டேன், வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு."

வேறு ஆள் கிடைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

சரி, மகன் எழுதியதையும் செகரட்டரி சொன்னதையும் ஓரமாக வைத்துவிட்டு நானே பார்த்தேன். கதவில் இருக்கும் நாற்பத்துமூன்று எண்ணையும் எழுதிக்கொண்டேன். புஷ்பம் பெரிய நோட்டிலிருந்து வயதும் தேதியும் சொல்லச் சொல்லப் பக்கத்தில் எழுதினேன். இருபத்துநாலு பேர் நிஜமாகவே எழுபத்துநாலில் போனவர்கள். மீதி பத்தொன்பது பேர் அப்படி இல்லை. அந்தப் பத்தொன்பது வரியையும் வீட்டில் வைத்து விரல் வைத்து விரல் வைத்துப் பார்த்தேன். எனக்கு எழுத்தைத் தாண்டிப் போகத் தெரியாது, ஒவ்வொன்றாகத்தான் போவேன். குழி எண் 174. குழி எண் 274. 474. 740, 741, 742. அம்மணி என்று ஒரு கிழவி, குழி எண் 56, எண்பத்தெட்டில் போனவள், அவளுக்கு வயது 74. ஒரு வரி பாக்கி இல்லாமல் பத்தொன்பதிலும் எங்கேயோ ஒரு 74 ஒளிந்திருக்கிறது.

உன் மெஷின் வருஷத்தைப் பார்க்கவில்லையடா. எங்கே 74 கண்டாலும் பிடித்துக்கொண்டது.

வகுப்பில் சேர்ந்த இரண்டாம் நாள் ஞானஜோதி டீச்சர் எங்களுக்கு ஆளுக்கொரு பழைய செய்தித்தாள் கொடுத்து, "ப எழுத்தைத் தேடி வட்டம் போடுங்க" என்றார். நான் ப, பா, பி, பை எல்லாவற்றுக்கும் வட்டம் போட்டேன். தாள் முழுக்க வட்டம். டீச்சர் பார்த்துவிட்டு, "ஐயா, ப தனியா நிக்கிற இடத்துல மட்டும்" என்று சொல்லிச் சிரித்தார். அப்போது நான் படிக்க ஆரம்பித்து இரண்டு நாள். நீ பதினேழு வருஷம் படித்தவன். நான் செய்த அதே தப்பைச் செய்துவிட்டு, இரண்டு தடவை சரிபார்த்த பெண் மேல் போட்டிருக்கிறாய். கண்டுபிடித்தால் பூஜ்யம் என்று சொல்கிற மெஷினை நம்பினாய். அவளை நம்பவில்லை.

அடக்கத்தன்று நீ வந்து சேர்வதற்குள் குழியை மூடிவிட்டோம். அவள் எங்கே படுத்திருக்கிறாள் என்று நான் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். எண் பலகை அங்கேயே இருந்தது. அது உனக்கு ஞாபகம் இருந்திருந்தால் பட்டியலில் பார்த்திருப்பாய்.

வருகிற ஞாயிறு கடைசி ஞாயிறு. மறுநாள் தோண்டுகிறார்கள். உடனே பதில் போடு.

அப்பா

* * *

பெங்களூர்
27-1-1994

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே புரோகிராமைத் திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி.

ரெக்காம்பிடம் நான் கொடுத்த மாதிரி வெறும் 74. அதற்குப் பின்னால் ஒரு டாலர் குறி போட்டிருக்கவேண்டும். அந்தக் குறிக்கு, வரி இங்கே முடியவேண்டும் என்று அர்த்தம். வருஷம் வரியின் கடைசியில்தானே இருக்கிறது. குறி இருந்தால் 74 என்று முடியும் வரிகள் மட்டும் வந்திருக்கும். அது இல்லாததால் வரியின் தலையில் இருந்தாலும், நடுவில் இருந்தாலும், ரெக்எக்ஸெக் பொருந்துகிறது என்றே சொல்லியிருக்கிறது. நான் என்ன கேட்டேனோ அதற்கு அது சரியாகத்தான் பதில் சொன்னது. கேட்டவன் நான்.

இன்று ஒரு டாலர் குறி சேர்த்து ஓட்டினேன். இருபத்துநாலு வரி வந்தது. நீங்கள் விரல் வைத்து எண்ணிய அதே இருபத்துநாலு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பட்டியல் பிரிண்ட் ஆகி வந்தபோது நான் பெயர்களைப் படிக்கவில்லை. கீழே மொத்தம் 43 என்று இருந்ததைப் பார்த்தேன். ஒரு வருஷத்துக்கு அவ்வளவு சாவு இருக்கும் என்று நினைத்தேன். மடித்து உறையில் போட்டேன். அம்மாவின் பெயர் இருந்த காகிதத்தை என் கையாலேயே மடித்திருக்கிறேன். நேற்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

சரியான பட்டியலை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன்.

(பக்கம் 2)

அப்பா, ஒரு வேண்டுகோள். புதுப் பட்டியலை யேசுதாசன் சாரிடம் கொடுத்து, பழையதை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஏன் மாறியது என்று விளக்கவேண்டாம். டைப்பிங் தப்பு என்று ஏற்கெனவே எழுதிவிட்டேன், அது அப்படியே இருக்கட்டும். வேறு இரண்டு கோயில்களில் இதே புரோகிராமை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தாம்பரத்துப் பையன் என்று என்னை உதாரணம் காட்டுகிறார்கள். ஒரு குறி விட்டுப்போனதற்காக அதெல்லாம் போகவேண்டுமா? புஷ்பம் இன்றோ நாளையோ கல்யாணம் ஆகிப் போகப்போகிற பெண். இரண்டு மாதத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. வேண்டுமானால் அவருக்கு இங்கே தெரிந்தவர்களிடம் வேலைக்குச் சொல்கிறேன்.

அம்மாவின் குழிக்கு ஒன்றும் ஆகாது. அதுதானே நமக்கு முக்கியம்.

அன்புடன்
தாவீது

* * *

சேசு மரி சூசை துணை

கிழக்குத் தாம்பரம்
31-1-1994, திங்கள்

தாவீது,

உன் கடிதம் சனிக்கிழமை மாலை வந்தது. அன்று முதல் பக்கம் மட்டும்தான் என்னால் படிக்க முடிந்தது. டாலர் குறி எங்கே போடவேண்டும் என்று நீ எழுதியதை மூன்று தடவை படித்துப் புரிந்துகொண்டேன். என் மகன் தப்பை ஒத்துக்கொண்டான் என்று எனக்கு அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஞாயிறு பூசைக்குப் போனேன். இரண்டாம் பக்கத்தைப் படிக்கவில்லை. அதிலும் இதுபோல நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

பூசை முடிந்து சாமியார், "குழிப் பட்டியல் பத்தி யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார். எழுந்தேன். "என் மகன் எழுதியிருக்கான், படிக்கிறேன்" என்றேன்.

செகரட்டரி கையை நீட்டினார். "குடுய்யா, நான் படிக்கிறேன். நீ படிச்சு முடிக்க மத்தியானம் ஆயிடும்."

"ஆகட்டும் சார்" என்றேன்.

படித்தேன். கோயில் முழுக்க உட்கார்ந்திருந்தது. ஒரு ஆள் எழுந்து போகவில்லை. உன் டாலர் குறியை எல்லோருக்கும் சொன்னேன். "எண் எங்க இருந்தாலும் புடிச்சுக்கிச்சாம், முடியற எடத்துல மட்டும் புடின்னு சொல்லாம விட்டுட்டானாம்" என்று விளக்கினேன். தலையை ஆட்டினார்கள். அம்மணியின் பேரன் எழுந்து, "எங்க ஆயா வயச வருசம்னு நெனச்சிக்கிச்சா?" என்று கேட்டான். "ஆமாம்" என்றேன். முதல் பக்கம் முடிந்தது. தாளைத் திருப்பினேன்.

படித்தவர்கள் எல்லோரும் கண்ணால் முன்னே ஓடிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். எனக்கு அது இன்னும் வரவில்லை. எழுத்தைக் கூட்டி வார்த்தையை வெளியே விட்ட பிறகுதான் அது என்ன வார்த்தை என்று எனக்கே தெரியும். "டைப்பிங் தப்பு என்று" வரை வந்தேன். "அது அப்படியே இருக்கட்டும்" என்று வந்தது. என் வாயிலிருந்து வந்தது. சத்தமாக.

நிறுத்தினேன். கை நடுங்கியது. சாமியார், "போதும் சவுரிமுத்து, உட்காருங்க" என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து புஷ்பம் எழுந்தாள். "நிறுத்தச் சொல்லாதீங்க சாமி. முழுசா படிக்கட்டும்."

முழுசாகப் படித்தேன். இரண்டு மாதத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது என்பதை அவள் முகத்துக்கு நேரே படித்தேன். "கல்யாணம்" என்பதை எழுத்துக் கூட்டுவதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? அத்தனை நேரமும் அவள் நின்றாள். என் மனைவியைக் காப்பாற்றப் போனவன் என் மகனை நடுக் கோயிலில் நிறுத்தி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

வெளியே வந்ததும் அவள் என்னிடம், "வேல வாணாம் தாத்தா. பெங்களூர் வேலையும் வாணாம். ஒரு வாரமா என்ன பாக்கறவங்க எல்லாம் இவதான் தப்பா அடிச்சவன்னு பாத்தாங்க. அவரு கையால எழுதி அதே கதவுல ஒட்டச் சொல்லுங்க" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

செகரட்டரி, "சர்ச்ல ஒரு லெட்டர் படிச்சதுக்காக லிஸ்ட்ட மாத்த முடியாது. போட்டவர் கையெழுத்தோட கமிட்டிக்கு வரட்டும். ரெண்டு வாரம் டைம் தரேன், அதுவரைக்கும் யாரும் மண்ணுல கை வைக்க மாட்டாங்க" என்றார். அவருக்கும் முகம் செத்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

அம்மாவின் குழிக்கு ஒன்றும் ஆகாது, அதுதானே நமக்கு முக்கியம் என்று எழுதியிருக்கிறாய். உன் அம்மா இருந்திருந்தால் இந்த வரிக்கு உன்னைச் செருப்பால் அடித்திருப்பாள். ஒரு பெண்ணின் பிழைப்பைப் பிடுங்கிப் போட்டு மூடுகிற மண் அவளுக்கு வேண்டாம்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். நீ ஊருக்குக் கிளம்பும்போது அந்த உறையை என்னிடம் கொடுத்தாய். வீட்டிலிருந்து கோயில்வரை சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டு போனேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. ஆனால் எண் தெரியும். எழுத்துக்கு முன்பே பஸ் நம்பர் பார்த்து ஏறியவன் நான். பிரித்துப் பார்த்திருந்தால் 174 கண்ணில் பட்டிருக்கும். பார்க்கவில்லை. உன்னைத் திட்டும்போதெல்லாம் இது என் நெஞ்சில் குத்துகிறது. அதற்காக உன்னை விடமாட்டேன்.

உன் கையால் எழுது. கம்ப்யூட்டரில் அடிக்காதே. தமிழில் எழுது. பதின்மூன்றாம் தேதிக்குள் வரவேண்டும்.

அப்பா

* * *

பெங்களூர்
5-2-1994

அப்பா,

அந்தப் பக்கம் உங்களுக்கு எழுதியது. உங்களுக்கு மட்டும். பெற்ற மகன் தனியாக எழுதியதை ஊர்கூட்டிப் படித்துவிட்டீர்கள். உங்களால் முன்னே பார்த்துப் படிக்க முடியாது என்கிறீர்கள். வாயை மூட முடியும் அல்லவா? நான் எவ்வளவு கேவலமானவனாக இருந்தாலும் உங்களை இப்படி நிற்க வைத்திருக்க மாட்டேன்.

அடக்கத்துக்கு வரவில்லை என்றும் எழுதினீர்கள். தந்தி மறுநாள்தான் என் கைக்கு வந்தது. ஐந்து வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் ஐந்து வருஷமாகக் கேட்கவில்லை.

காகிதத்தை வைத்திருக்கிறேன். ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். சின்னதாகத்தான் வந்தது.

தாவீது

(உள்ளே வைத்தது)

கல்லறைக் கமிட்டிக்கும் பங்கு மக்களுக்கும்,

கோயில் கதவில் ஒட்டியிருந்த 43 பெயர்களில் 19 பெயர்கள் தவறு. தவறு நோட்டில் இல்லை. அதை டைப் செய்த புஷ்பம் ஒரு வரிகூடத் தப்பாக அடிக்கவில்லை. 74 என்று முடியும் வரிகளைத் தேடச் சொல்லாமல், 74 இருக்கும் வரிகளையெல்லாம் தேடும்படி நான் எழுதிவிட்டேன். வந்த பட்டியலை நான் படித்துப் பார்க்கவில்லை. அதன் பிறகு, சரியாகத் தெரிந்துகொள்ளாமல் புஷ்பத்தின் மேல் பழி போட்டேன். தெரிந்துகொண்ட பிறகும் மறைக்கப் பார்த்தேன். அந்தப் பத்தொன்பது குழிகளையும் திறக்கவேண்டாம்.

ச. தாவீது

* * *

சேசு மரி சூசை துணை

கிழக்குத் தாம்பரம்
13-2-1994, ஞாயிறு

அன்பு மகன் தாவீதுக்கு,

உன் காகிதம் புதன்கிழமை வந்தது. இந்தத் தடவை உள்ளே இருந்ததை எல்லாம், கடைசி எழுத்துவரை, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படித்த பிறகுதான் வெளியே கொண்டுபோனேன்.

இன்று பூசைக்கு முன்னால் புஷ்பமே பசை எடுத்துவந்து கதவில் ஒட்டினாள். ஒட்டிவிட்டு இரண்டு தடவை படித்தாள். "கையெழுத்து உங்களுது மாதிரியே கோணலா கீது தாத்தா" என்றாள். நாளையிலிருந்து வேலைக்கு வருகிறாள். உன் காகிதத்துக்காகவோ செகரட்டரி கூப்பிட்டதற்காகவோ இல்லையாம். பஸ் பாஸில் இன்னும் பத்து நாள் இருக்கிறதாம், அது வீணாகக்கூடாதாம். அவளுக்கு உன் மேல் கோபம் போகவில்லை. போகவேண்டும் என்று நானும் சொல்லவில்லை.

யேசுதாசன் சார் பழைய பட்டியலைக் கிழித்தார். கிழித்துவிட்டு என்னிடம், "எப்படிய்யா கண்டுபிடிச்ச?" என்று மெதுவாகக் கேட்டார். "பேஜார் புடிச்ச வேல சார், எனக்கு வேகமா படிக்க வராது" என்றேன். சிட்டிபாபு நாளை தோண்டுகிறான். இருபத்துநாலு குழிதான். உன் அம்மா இருக்கும் இடத்தில் மரச்சிலுவை சாய்ந்திருந்தது, நிமிர்த்தி மண்ணை மிதித்துவிட்டு வந்தேன்.

தந்தி மறுநாள்தான் வந்தது என்று நீ சொன்னதை நான் கேட்காமல் இருந்தது உண்மை. ஐந்து வருஷமாக யார் மேலாவது கோபப்படவேண்டியிருந்தது. நீ தூரத்தில் இருந்தாய், வசதியாக இருந்தது. இதை எழுதிப் பார்க்கும்போதுதான் எனக்கே தெரிகிறது.

இரண்டாம் பக்கத்தைப் பற்றி ஒன்று எழுத உட்கார்ந்தேன். முன்பே தெரிந்திருந்தால் நடுக் கோயிலில் படித்திருக்க மாட்டேன், மன்னித்துக்கொள் என்று எழுதினேன். எழுதி முடித்து, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். பொய். அந்த வரியை அடித்துவிட்டேன். மேலே கறுப்பாக இருப்பது அதுதான். தெரிந்திருந்தாலும் படித்திருப்பேன். கை இன்னும் கொஞ்சம் அதிகமாக நடுங்கியிருக்கும், அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு. கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, உனக்கும் தீர்ந்திருக்காது. கை வலிக்கிறது, இன்றைக்கு இவ்வளவுதான் முடியும். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, மீதியையும் எழுதுகிறேன்.

இப்படிக்கு
அப்பா